பண்டரிபுரப் பாதையில் ஊறும் இன்பம்

வருணனின் புதல்வன் பிருகு தந்தையை அணுகிப் பிரம்மத்தை உபதேசிக்குமாறு வேண்டினான். தந்தை ஒரு குறிப்பை மட்டும் தந்து, தவத்தால் அறிந்துகொள்ளுமாறு அனுப்பி வைத்தார். பிருகு முதலில் கண்டது அன்னம். பிறகு பிராணன், மனம், விஞ்ஞானம் என்று படிப்படியாகச் சென்று, இறுதியில் ஆனந்தத்தை அறிந்தான். தைத்திரீய உபநிஷதம் கூறும் இந்த வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. மகன் திரும்பி வந்த ஒவ்வொரு முறையும், அவன் கண்டது பொய் என்று தந்தை கூறவில்லை; மீண்டும் தவம் செய்யுமாறு மட்டுமே பணித்தார். ஆனந்தத்தை அறிந்த பின்னரும் அன்னத்தை இகழலாகாது என்று அதே உபநிஷதம் விதிக்கிறது.

அன்னமய கோசத்தில் இன்பம் எவ்வாறு பிறக்கிறது என்பதை இக்கால விஞ்ஞானமும் தேடியது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகிய இருவரும், அபினின் சத்தாகிய மார்ஃபினைப் போன்றே செயல்படும் பொருள்களைப் பன்றியின் மூளையில் கண்டறிந்தனர். இவ்வினத்துப் பொருள்களுக்கு எண்டார்ஃபின் என்ற பெயர் வழங்கலாயிற்று; உடலின் உள்ளேயே பிறக்கும் மார்ஃபின் என்பது அதன் பொருள். அவை வலியை மழுங்கச் செய்கின்றன. மனத்திற்கு இதமான நிறைவைத் தருகின்றன. அபின் வெளியிலிருந்து வந்து தட்டுவதும் அதே கதவைத்தான். ஆனால் அது உழைப்பின்றி உள்ளே நுழைகிறது. நாளடைவில் அளவைக் கூட்டிக் கேட்கிறது. இறுதியில் வீட்டையே கைப்பற்றிக்கொள்கிறது.

உள்ளிருந்து வரும் இன்பம் மனிதனை எவ்வாறு நடத்துகிறது என்பதைக் காண ஆனி, ஆடி மாதங்களில் மகாராஷ்டிரத்திற்குச் செல்ல வேண்டும். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பாதுகைகளும், தேஹுவிலிருந்து துகாராமின் பாதுகைகளும் பல்லக்கில் பண்டரிபுரத்திற்குப் புறப்படுகின்றன. ஆளந்தியிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று வாரப் பயணம். லட்சக்கணக்கான வார்கரிகள் 'திண்டி' எனப்படும் குழுக்களாகப் பிரிந்து உடன் நடக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். பெண்கள் துளசி மாடத்தைத் தலையில் சுமக்கின்றனர். ஜால்ராவும் மிருதங்கமும் ஒலிக்க, அபங்கத்தின் தாளத்திற்கே கால்கள் எழுந்து விழுகின்றன. மழையும் வெயிலும் மாறி மாறி வருகின்றன, பாதங்கள் கொப்புளிக்கின்றன. புனேயைத் தாண்டித் தீவே மலைப்பாதையில் ஏறும்போது பாட்டு நிற்பதில்லை. ஒருவரையொருவர் 'மாவுலி', அதாவது 'தாயே', என்று அழைத்துக் காலைத் தொட்டு வணங்குகின்றனர். வயதும் குலமும் அங்கே குறுக்கே வருவதில்லை.

இவர்களுடைய களைப்பு எங்கே போயிற்று? 2010-இல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வு ஒன்று இதற்குச் சிறிது விளக்கம் தருகிறது. படகோட்டிகள் தனித்தனியே துடுப்பு வலித்தபோதும், ஒன்றுகூடி ஒரே லயத்தில் வலித்தபோதும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் கூடி வலித்த பிறகு வலியைத் தாங்கும் ஆற்றல் மிகுந்திருந்தது. எண்டார்ஃபின் மிகுதியாகச் சுரந்ததன் அடையாளமாக ஆய்வாளர்கள் இதைக் கொண்டனர். மற்றோர் ஆய்வு 1978-இல் வெளியானது. பல் பிடுங்கப்பட்ட நோயாளிகள் சிலருக்கு, மருந்தே இல்லாத ஊசியைப் போட்டபோதும், மருந்து கிடைத்தது என்ற நம்பிக்கையாலேயே வலி தணிந்தது. எண்டார்ஃபினின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் அத்தணிவு மறைந்தது. நம்பிக்கை உடலுக்குள்ளும் வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று.

அப்படியானால் பக்தி என்பது வெறும் ரசாயனந்தானா என்று கேட்பவர் உண்டு. வீணையின் நரம்பு அதிர்வதை அளந்து காட்டிவிட்டால் ராகம் பொய்யாகிவிடுமா? நரம்பின்றி ராகம் ஒலிக்காது; நரம்பே ராகமும் அன்று. விஞ்ஞானமும் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. நெடுந்தூரம் ஓடுபவர் அடையும் களிப்பு எண்டார்ஃபினால் மட்டுமே விளைவது என்று நெடுநாள் கருதப்பட்டது; 2015-இல் எலிகளிடம் செய்யப்பட்ட ஆய்வு வேறு பொருள்களைச் சுட்டிக்காட்டியது. பிருகுவைப் போல அதுவும் மறுபடி மறுபடி தேடச் செல்கிறது.

எண்டார்ஃபினைப் பெருக்கும் வழிகள் இன்று மளிகைச் சிட்டை போல வழங்கப்படுகின்றன: இத்தனை நிமிட நடை, இவ்வளவு சிரிப்பு, ஒரு துண்டு சாக்லேட். நடையும் பாட்டும் சிரிப்பும் நல்லவையே. ஆனால் மகிழ்ச்சி வந்ததா என்று நொடிக்கொரு முறை எட்டிப் பார்ப்பவன், விதையைத் தோண்டித் தோண்டி முளையைத் தேடும் உழவன். கீதையின் 18-ஆம் அத்தியாயம், தொடக்கத்தில் நஞ்சு போலவும் முடிவில் அமுதம் போலவும் இருக்கும் சுகத்தைச் சாத்விகம் என்கிறது. பயிற்சியால் மனிதன் அதில் திளைக்கிறான் என்கிறது. முதல் நாள் கொப்புளந்தான் நஞ்சு. வார்கரி அதைப் பொருட்படுத்தாததற்குக் காரணம், அவன் தன் மனநிலையைச் சீராக்கிக்கொள்ளப் புறப்பட்டவன் அல்லன். விட்டலனைக் காணப் புறப்பட்டவன்.

இதைக் கூறும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஆழ்ந்த மனச்சோர்வில் படுக்கையைவிட்டு எழ இயலாதவரிடம் சென்று, 'நாலு பஜனை பாடு, சரியாகிவிடும்' என்று கூறுவது பக்தியும் அன்று, கருணையும் அன்று. அவருக்கு மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டியிருக்கலாம், அருகில் ஒருவர் அமர்ந்திருக்கவும் வேண்டும். அன்னத்தை இகழாதிருத்தல் என்பதில் இதுவும் அடங்கும். பின்னர் அவரால் தெருமுனை வரை நடக்க முடிந்தால், உடன் ஒருவர் நடக்கட்டும்.

கூட்டத்தின் உற்சாகம் மட்டுமே வார்கரியைத் தாங்குகிறதென்றால், கூட்டமே இல்லாத ஆண்டில் என்ன எஞ்சும்? 2020-இல் பெருந்தொற்றின் காரணமாகப் பாதயாத்திரை நடைபெறவில்லை. பாதுகைகள் ஒரு சிலருடன் பேருந்தில் பண்டரிபுரம் சென்றன; 2021-இலும் அவ்வாறே. ஆனால் வார்கரியின் நெறி பாதையில் மட்டும் இருப்பதன்று. கழுத்தில் துளசி மாலை, ஏகாதசி உபவாசம், நாள்தோறும் வீட்டில் ஹரிபாட பாராயணம் ஆகியவை ஆண்டு முழுவதற்கும் உரியவை. அவற்றிற்குச் சாலையும் கூட்டமும் தேவையில்லை. 2022-இல் பல்லக்குகள் மீண்டும் சாலையில் இறங்கின. லட்சக்கணக்கான கால்கள் மறுபடியும் தீவே மலைப்பாதையில் ஏறின.