பிள்ளையின் மனம் அலைவது யார் செய்த வினை?

ஊத்துக்கோட்டையிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி வந்துவிடும். ஆலகால நஞ்சைக் குடித்த மயக்கத்தில் சிவன் பார்வதியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் பள்ளிகொண்டீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. “ஓரிடத்துல உக்கார மாட்றான்”, “ராத்திரில பயந்து அலறுறா” என்று பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளும் பெற்றோர் எல்லாக் கோயில்களிலும் உண்டு. அந்த வேண்டுதலுக்குள் ஒரு பயம் ஒளிந்திருக்கும்: இது போன ஜென்மத்துப் பாவமோ?

கன்மம் உண்டென்று சொல்லும் சைவம்தான் நஞ்சுண்ட கதையையும் சொல்கிறது. கடலைக் கடைந்தவர்கள் தேவரும் அசுரரும். எழுந்த நஞ்சோ, கயிற்றைத் தொடாத உயிர்களையும் சேர்த்துச் சுட்டது. அவை என்ன வினை செய்தன என்று சிவன் கணக்குக் கேட்கவில்லை. எடுத்துக் குடித்தார். துன்பப்படும் பிள்ளையின் முன்வினையை ஆராய்வது பக்தியாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நஞ்சு என்பது இந்த வட்டாரத்தில் புராணச் சொல் மட்டுமில்லை. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் தொழில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நடக்கிறது. சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. சராசரியாக ஒரு டெசிலிட்டரில் 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் பதற்றமும் கவனச் சிதறலும் கூடுதலாக இருந்ததை ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகள் காட்டின. கவனக்குறைவுக்குப் பரம்பரை முதல் குறைப்பிரசவம் வரை வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பெரியவர்கள் காற்றிலும் மண்ணிலும் கலந்த ஈயத்துக்குப் பிள்ளையின் முற்பிறவியைப் பொறுப்பாக்குவது அநியாயம்.

மனம் அலையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மூலிகை மருந்துக்கு வருவோம். வல்லாரைத் துவையல் கீரைச் சாப்பாடுதான், தாராளமாகக் கொடுக்கலாம். நீர்ப்பிரமியின் கதை வேறு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அதன் சாற்றை, கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள 6 முதல் 14 வயதுச் சிறுவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் 14 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2022-இல் வந்தது. அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் செய்த தவறுகள் சற்றுக் குறைந்தன. நடத்தையைப் பொறுத்தவரை வெற்று மாத்திரையை விட மேலான பலன் தெரியவில்லை. பாட்டிமார் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று போற்றும் வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968-இலேயே தடைசெய்தது. கைக்குழந்தையின் நாக்கில் அதைத் தடவுவதை விட்டுவிட வேண்டும். பாக்கெட்டில் வரும் லேகியமும் சூரணமும் அப்பழுக்கற்றவை என்று நம்பவும் வழியில்லை. பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் மருந்தே ஈயத்தைக் கொண்டுவரக் கூடும்.

எல்லாச் சித்தியும் கைகூடலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பாடியவர் தாயுமானவர். ஞானிகளுக்கே அரிதானதை ஆறு வயதுப் பிள்ளையிடம் நாற்பது நிமிட வகுப்பில் கேட்கிறோம். முடியாதபோது அடிக்கிறோம், மந்திரிக்கிறோம், மருந்து தேடுகிறோம். சில பிள்ளைகளுக்கு மருத்துவ உதவி உண்மையிலேயே தேவை, அதை மறுப்பதும் கொடுமைதான். ஆனால் அலையும் மனம் பிள்ளைக்கு இயல்பா, நோயா, நஞ்சின் விளைவா என்று பிரித்தறியும் பொறுமை முதலில் நமக்கு வேண்டும்.

கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும், வேண்டுதல் பெற்ற மனதைத் தேற்றும். ஆனால் மூலிகையைத் தொடுமுன் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியம்தான் வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே பட்டம் பெற்ற வைத்தியரிடம் போங்கள். ஈய உருக்காலைக்குப் பக்கத்தில் வீடு இருந்தாலோ, அங்கே வேலைபார்க்கிறவர் வீட்டில் இருந்தாலோ, பிள்ளையின் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே வேலைபார்க்கிறவர் வேலைச் சட்டையை மாற்றி, குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும்.