மணலில் எழுதிய விரல்



எங்கள் தெருவில் ஒரு நர்ஸ் இருக்கிறார். 36 வயது. ஜெர்மனியில் வேலை பார்க்க ஆசைப்பட்டு, ஆறு மாதமாக ஜெர்மன் படிக்கிறார். நைட் டியூட்டி முடிந்து வந்து, உலை வைத்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்பார். அந்த மொழியில் ஓர் ஒலி உண்டு. ‘ஊ’ சொல்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு உள்ளே ‘ஈ’ சொல்ல வேண்டும். ஐந்தாவது படிக்கும் மகள் பக்கத்தில் நின்று, “அம்மா, உதடு விரியுது பாரு” என்று திருத்துகிறாள்.

“இந்த வயசுல நாக்கு வளையுமாண்ணா?” என்று என்னிடம் ஒருநாள் கேட்டார்.

எனக்குத் தரங்கம்பாடிதான் நினைவுக்கு வந்தது. 1706 ஜூலையில், டேனிஷ்காரர்கள் கையிலிருந்த அந்தக் கடற்கரை ஊரில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் வந்து இறங்கினார். வயது சுமார் 24. தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். அந்தப் பிள்ளைகளின் நடுவே தரையில் உட்கார்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரல் வைத்து எழுதினார். பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தவர்!

வளர்ந்தவர்களுக்கு அந்த மணலில் உட்காருவதுதான் கஷ்டம். வார்டில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிற பெண்ணுக்கு, புது மொழியில் மணி என்ன என்று கேட்கக்கூட வாய் வராது. நாக்கை விட மானம்தான் முதலில் தடுக்கும். யாராவது சிரித்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

சீகன்பால்கு வாயை மூடவில்லை. காலையில் முந்தின நாள் சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். பிறகு மதியம் வரை ஒரு புலவரோடு உட்கார்ந்து ஓலைச்சுவடி வாசிப்பார். புரியாத இடத்தைப் புலவர் விளக்குவார். ராத்திரி கண் களைத்த பிறகும் விடுவதில்லை. இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே நூலைத் திரும்பத் திரும்பப் படித்தார். 1708-இல் தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியலே எழுதினார். 1715-இல் அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு அதே ஊரில் அச்சாகி வந்தது.

இதை அந்த நர்ஸிடம் சொன்னேன். மணலில் எழுதியதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஜெர்மனில் இருபத்தொன்றை, ‘ஒன்றும் இருபதும்’ என்று ஒன்றை முன்னால் வைத்துத்தான் சொல்வார்கள். நேற்று காய்கறி வண்டிக்காரர் மீதிச் சில்லறை கொடுத்தார். அதை எண்ணி வாங்கிய நர்ஸ், தெருவே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: “ஐன் உன்ட் ஸ்வான்ஸிக்!” வண்டிக்காரர் திகைத்துப் பார்த்தார். வாசலில் நின்ற மகள், “சரிதாம்மா” என்றாள்.