நடவாத பயணத்துக்கு ஆண்டு விழா

நாள்கள் எல்லாம் ஒன்றுபோலவே விடிகின்றன. அவற்றுள் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்து, பெயரிட்டு, ஆண்டுதோறும் அதனை எதிர்நோக்கியிருந்து மகிழ்வது மனிதன் மட்டுமே செய்கிற காரியம். பிறந்த நாள், மண நாள், நாடு விடுதலை பெற்ற நாள், இறைநேசர் மறைந்த நாளில் எடுக்கும் கந்தூரி ஆகியவற்றின் பொருள் நமக்கு விளங்குகிறது. இவை கூடுமா, கூடாதா என்று நம்மிடையே வழக்காடுவோரும்கூட, எதனை நினைந்து அந்நாள் கொண்டாடப்படுகிறது என்பதில் ஐயம் கொள்வதில்லை. நடந்த ஒன்றை நினைக்கிறோம். ஆனால், என்றும் எங்கும் நடவாத ஒன்றுக்கு ஆண்டு விழா எடுப்பாரை என்னென்பது?

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொடர் தொடங்கிற்று. வருங்காலத்தில் பல இனத்தார் ஒரே விண்கலத்தில் ஏறி, விண்மீன்களிடையே பயணம் செய்வதாகக் கற்பனை. மூன்றே பருவங்கள், 79 கதைகள். 1969 ஜூன் மாதத்தில் முடிந்துவிட்டது. ஆயினும் அந்தக் கலத்தாரின் சீருடையை அணிந்து ஒன்றுகூடுவோர் இன்றும் பல நாடுகளில் உளர். 2016இல் 50 ஆண்டு நிறைந்தபோது அமெரிக்க அஞ்சல் துறை சிறப்புத் தலைகளையே வெளியிட்டது. 2026 செப்டம்பர் 8 அறுபது ஆண்டு நிறைவு நாள்.

சாணார்பட்டியில், நத்தம் சாலையோரத் தேநீர்க் கடையில் இச்செய்தியைச் சொன்னால், மாங்காய்க் கூடைகளை ஏற்றிவிட்டு இளைப்பாறும் ஒருவர், "வேலைவெட்டி இல்லாதவர்கள்" என்று ஒரு சொல்லில் தீர்ப்பளித்துவிடுவார். அதனை அப்படியே ஏற்க நமக்கு மனம் வரவில்லை. 1980களில் தூர்தர்ஷன் இத்தொடரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பிற்று. ஆங்கிலம் பாதியும் விளங்காமல், கூரிய காதுடைய 'ஸ்பாக்' என்னும் பாத்திரத்தை மட்டும் நெஞ்சில் பதித்துக்கொண்டவர்கள் தமிழகத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் விழா எடுப்பதில்லை. ஆனால் பேச்செடுத்தால் முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சியை வீண் என்று தள்ளிவிட முடியுமா?

பொய்யான ஒன்றை இவ்வளவு நேசிப்பது முறையா என்பதே முதலில் எழும் வினா. பொய்யன், தான் சொல்வதை நாம் நம்பிவிட வேண்டும் என விரும்புகிறான். கதை சொல்பவனுக்கு அந்த விருப்பம் இல்லை. இது கதை என்பதை இருவரும் அறிந்தே அமர்கிறோம். 12ஆம் நூற்றாண்டில் அந்தலூஸில் வாழ்ந்த மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு துஃபைல், 'ஹய்யு இப்னு யக்ளான்' என்னும் நூலை எழுதினார். ஆளில்லாத் தீவொன்றில் பெண்மானின் பாலருந்தி வளரும் குழந்தை, தன் சிந்தனை ஒன்றையே துணையாகக் கொண்டு படைத்தவனை அறிவதாகக் கதை. அத்தீவும் இல்லை, அக்குழந்தையும் இல்லை. எனினும், ஆசானில்லாத அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி மெய்யானது. 1671இல் அந்நூல் இலத்தீன் மொழியில் அச்சேறி ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டதற்கு அக்கேள்வியே காரணம். 'ஸ்டார் ட்ரெக்'கும் தன் சிறிய அளவில் ஒரு கேள்வியைக் கேட்டது: பகைத்துக் கிடக்கும் இனங்கள் ஒரே கலத்தில் வேலை செய்தால் எப்படியிருக்கும்? அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் பனிப்போர் நடந்த காலத்தில், அக்கலத்தில் ஒரு ரஷ்யரும் பணியாற்றினார் என்பதை மறத்தலாகாது.

அதே கலத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாக வந்தவர் நிஷெல் நிக்கல்ஸ் என்னும் கறுப்பின நடிகை. பாத்திரத்தின் பெயர் உஹூரா. விடுதலையைக் குறிக்கும் 'உஹுரு' என்ற சுவாஹிலிச் சொல்லின் திரிபு அது. அச்சொல்லோ அரபியின் 'ஹுர்' என்பதிலிருந்து பிறந்தது. (நம் வாசகர்களுக்கு இது தனி மகிழ்ச்சி தரும்.) முதற்பருவம் முடிந்தபின் நாடக மேடைக்குத் திரும்ப எண்ணியிருந்த தம்மை, மார்ட்டின் லூதர் கிங் சந்தித்து, விலகவேண்டாமென்று வற்புறுத்தியதாக அவ்வம்மையார் பலமுறை கூறியுள்ளார். ஏவல் வேலைக்காரியாக அன்றி, அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண்ணை நாடு பார்ப்பது அன்று அத்துணைப் பெரிய காரியமாயிருந்தது. 1977இல் நாசா நிறுவனம் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர் பணிக்கு அழைக்க விழைந்தபோது, அவரையே அழைப்பாளராக அமர்த்திற்று. 1992இல் விண்ணுக்குச் சென்ற முதற் கறுப்பினப் பெண்மணியான மே ஜெமிசன், சிறுமியாக இருந்தபோது உஹூராவைக் கண்டு ஊக்கம் பெற்றவர்.

நிற்க. கதையின் சிறப்பு வேறு. கதையை நேசிப்பவரின் ஒழுக்கம் வேறு. நமது வினா பின்னதைப் பற்றியது.

இரண்டாம் பருவத்தோடு தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, ஜான் டிரிம்பிள், பீஜோ டிரிம்பிள் என்ற தம்பதியர் கடிதம் எழுதும் இயக்கத்தை முன்னின்று நடத்தினர். கடிதங்கள் வந்து குவிந்தன. கடைசியில் 1968 மார்ச் 1 அன்று, தொடர் நீடிக்கும் என்று தொலைக்காட்சியிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அவர்கள் கேட்டது யாது? தத்தம் விருப்பப்படி கதையை மாற்றுக என்று கேட்கவில்லை. அது வாழட்டும் என்று மட்டும் வேண்டினர். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டு, தரமும் தாழ்ந்ததெனப் பலரும் கருதிய மூன்றாம் பருவம்தான் அவர்களுக்குக் கிடைத்த பலன். அதனையும் பேணினர். பிறர் பொருளை அமானிதமாகக் காப்பவன் பெட்டியைத் திறந்து உள்ளிருப்பதைத் தன் விருப்பத்துக்குத் திருத்தி வைப்பதில்லை. அந்தப் பண்பை அவர்களிடத்தே காண்கிறோம்.

இப்பண்பு எளிதில் திரிந்துபோகும். காப்பவன் உடைமையாளன் ஆகிவிடுகிறான். 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படமொன்றில் நடித்த கெல்லி மேரி டிரான் என்னும் நடிகை, தமக்கு நேர்ந்த ஏச்சும் பேச்சும் தாளாமல், 2018இல் தம் சமூக ஊடகப் பதிவுகளை அழித்துவிட்டு விலகினார். ஏசியவர்களுள் பலர், தங்களை அப்படங்களின் மெய்யன்பர்கள் என்றே சொல்லிக்கொண்டவர்கள். அயல்நாட்டாரைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறைப்பானேன்? நம் ஊர்களில் நடிகர்களின் உருவப்பலகைக்குப் பாலைக் கொட்டுகிறார்கள். அந்தப் பால் எத்தனை வீடுகளின் காலைப் பசியை ஆற்றியிருக்கும்! 2023 ஜனவரியில் சென்னையில், ஒரு திரைப்பட வெளியீட்டுக் கொண்டாட்டத்தின்போது லாரியின் மீதிருந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். அவருடைய தாய்க்கு எந்த ஆண்டு நிறைவு மிஞ்சியது? சீருடை அணிந்து கூடுவோரைக் கண்டு சிரிக்கும் நாம், இதனைக் கண்டு அழுதோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்பாக்கின் கை வணக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அப்பாத்திரத்தில் நடித்த லெனார்ட் நிமாய் யூதர். சிறுவயதில், பாஸ்டன் நகரின் யூத ஆலயத்தில் குருமார் ஆசி வழங்கும்போது, பார்க்கலாகாது என்ற விலக்கை மீறி எட்டிப்பார்த்த விரல் அமைப்பையே பின்னாளில் இதற்குப் பயன்படுத்தினார். நெடிது வாழ்க என்னும் வாழ்த்தோடு முன்பின் அறியாதார் இருவர் அக்கையைக் காட்டிக்கொள்கையில், தாம் ஒரு பழைய துஆவின் சாயலைச் சுமக்கிறோம் என்பதை அவருள் எத்தனை பேர் அறிவர்? ஸலாம் சொல்லும் நம்மவருள்ளும் அதன் பொருளை நினைந்து சொல்வோர் குறைவே.

இவ்வன்பர்களின் செயல்களுள் ஒன்றை மட்டும் நம்மால் முற்றும் ஒப்ப முடியவில்லை. நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு 'கான்ஸ்டிடியூஷன்', அதாவது அரசியல் சட்டம் என்று பெயர் குறித்திருந்தார்கள். கதையில் வரும் 'என்டர்பிரைஸ்' என்ற பெயரே வேண்டுமென்று அதிபர் ஃபோர்டுக்குக் கடிதங்கள் பறந்தன, பெயர் மாறிற்று. ஒரு நாட்டின் சட்டத்துக்குரிய இடத்தை ஒரு தொலைக்காட்சிக் கதை கைப்பற்றியது நமக்கு மிகையாகவே படுகிறது. 1976 செப்டம்பர் 17 அன்று அதனை வெளியே கொணர்ந்தபோது, நடிகர்கள் பலர் அருகில் நின்றனர்.

அந்த ஓடம் விண்வெளிக்குச் சென்றதேயில்லை. விண்ணேறும் எஞ்சினும் வெப்பம் தாங்கும் காப்பும் அதற்குப் பொருத்தப்படவில்லை. 1977இல் ஒரு போயிங் 747 விமானத்தின் முதுகில் ஏற்றி, உயரே கொண்டுபோய்ப் பிரித்துவிட்டு, தரையிறங்க முடிகிறதா என்று சோதித்தார்கள். அது இறங்கிக் காட்டிய பிறகே, 1981இல் 'கொலம்பியா' மனிதரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. 'என்டர்பிரைஸ்' 2012 முதல் நியூயார்க்கில், பழைய போர்க்கப்பலொன்றில் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செப்டம்பர் மாதங்களில் அதனைக் காண வருவோருள், அன்று கடிதம் எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கக்கூடும்.