பெயரில்லாத ஜீவன்கள்

அரக்கோணம் ஜங்ஷனில் காஞ்சிபுரம் ரயிலுக்காகக் காத்திருந்த ஒரு மாலையில், கோடை மழை பெய்து ஓய்ந்ததும் தண்டவாளங்களுக்கு அப்பாலிருந்த தரிசிலிருந்து மண்வாசனை எழுந்தது. அது மண்ணின் வாசனையே அன்று, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியக் குலம் ஆக்கிவைக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை என்பதை நினைத்தபோது, மண் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாம் எத்தனை கோடி ஜீவன்களை அடைத்து வைத்திருக்கிறோம் என்ற வியப்பு என்னை ஆட்கொண்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் பெயரில்லை. அப்படிப்பட்ட ஒன்றுக்கு நாம் பெயர் சூட்டும்போது, முன்பே இருந்த ஓர் இனத்தைக் கண்டுகொள்கிறோமா, அல்லது இல்லாத ஓர் இனத்தைக் கற்பித்துக்கொள்கிறோமா?

இது பழைய கேள்விதான். பசுக்கள் எல்லாவற்றிலும் பசுத்துவம் என்ற ஜாதி உண்மையாகவே உறைகிறது என்றனர் நியாய தரிசனத்தாராகிய நையாயிகர். (ஜாதி என்பதைத் தர்க்க சாஸ்திரப் பொருளில் மட்டுமே இங்கே ஆளுகிறேன்.) காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவரென்று மரபு கூறும் பௌத்த ஆசாரியர் திங்நாகரோ, பசு என்னும் சொல் பசு அல்லாதவற்றை விலக்குகிறதேயன்றி வேறொன்றையும் சுட்டவில்லை என்றார்.

பிச்சாவரத்து உப்பங்கழியில் வளரும் காட்டு நெல்லின் வேரிலும் தண்டிலும் வேரைச் சூழ்ந்த மண்ணிலும் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவை, சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பிரித்தெடுத்தனர். உப்பைத் தாங்கி, காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு ஆக்கித்தரும் அவ்வுயிரை, அறிந்த நெருங்கிய குலங்களோடு ஒப்பிட்டு, இதுவுமன்று அதுவுமன்று என்று விலக்கிய பின்னரே, 2004இல் 'சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்' என்று பெயரிட்டனர். திங்நாகர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இரு பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. நூற்றுக்கு 70 அளவிலேனும் ஒன்றோடொன்று இணைந்தால் அவை ஓரினம் என்பது நெடுங்காலமாக அறிஞர் கொண்ட வழக்கு. அந்த 70 மண்ணில் எழுதப்பட்டதன்று. நாம் இட்ட எல்லை. அவ்வெல்லையை அந்த ஜீவன்கள் மதிப்பதுமில்லை. ராணிப்பேட்டை மண்ணில் ஊறிய குரோமியக் கழிவு போன்ற நஞ்சைத் தாங்கும் ஆற்றலை, பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தின் வழியாக ஓரினம் மற்றோர் இனத்துக்கு ஈந்துவிடக்கூடும். இத்தகைய கலப்பைப் பழைய தர்க்கமும் அறியும்: ஒன்றிலொன்று அடங்காத இரு தர்மங்கள், அதாவது பண்புகள், தனித்தனியே நின்றும் ஓரிடத்தில் கலந்தும் காணப்பட்டால் அது சங்கரம், அங்கே ஜாதி கொள்ளலாகாது என்று நையாயிகராகிய உதயனரே விதித்திருக்கிறார்.

ஆகவே, இந்த நுண்ணுலகில் இனம் என்பது வியவகார சத்தியமே, அதாவது வழக்கில் கொள்ளும் உண்மையே, என்பது என் துணிபு. வியவகாரமென்றால் பொய் என்று பொருளன்று. நம்பிக்கையோடு காக்கவேண்டிய ஓர் ஒப்பந்தம் அது. பாக்டீரியப் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பின்படி, வெறும் எழுத்தால் ஒரு பெயர் நிலைபெறாது; அதற்குரிய உயிர், வேறுவேறு நாடுகளிலுள்ள இரண்டு காப்பகங்களிலேனும் வைக்கப்பட வேண்டும். பிச்சாவரத்துச் சேற்றில் பிறந்த அந்தப் பாக்டீரியா சண்டிகரிலும், பெல்ஜியத்தின் கென்ட் நகரிலும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.