நஞ்சும் விழிப்பும்

களையெடுப்பது இம்சையாகுமா என்னும் வினா, தாவரத்துக்கும் உயிருண்டு என்று ஏற்கும் சமயங்களிலேயே முழு வலுவுடன் எழுகிறது. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கும் சமணம், தொடுவுணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிர்களாகச் செடிகொடிகளைக் கொள்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலும் புல்லையும் மரத்தையும் அவ்வாறே வைக்கிறது. துறவி செடியையும் ஊறுபடுத்தலாகாது. இல்லறத்தார்க்குரிய அணுவிரதமோ, அதாவது அளவுபட்ட நோன்போ, இயங்கும் உயிர்களை வேண்டுமென்றே கொல்வதை விலக்கி, ஓரறிவுயிர்களைத் தேவைக்கு மேல் அழிக்காதிருக்கப் பணிக்கிறது.

இந்தத் 'தேவை'யின் எல்லையைச் சோதிப்பது ஆகாயத் தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து, காற்றடைத்துப் பருத்த இலைக்காம்புகளால் மிதக்கும் இக்களை, ஏரி குளங்களைப் போர்த்தி ஒளியை மறைப்பதோடு, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் குறைப்பதால் மீன்கள் மடிகின்றன. இதன் இலைகளில் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும் ஆல்டர்னேரியா ஐக்கார்னியே என்னும் பூஞ்சை, 1970இல் இந்தியாவிலிருந்து புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அது சுரக்கும் பாஸ்ட்ரிசின், டீஆக்சிபாஸ்ட்ரிசின் என்னும் இரு செந்நிற நச்சுப்பொருள்களைப் பற்றிய ஆய்வு 1982இல் வெளிவந்தது.

அந்த ஆய்வு காட்டிய உண்மையிலேயே அறச்சிக்கல் தொடங்குகிறது. பூஞ்சை முதன்மையாக ஆகாயத் தாமரையையே தாக்குகிறது. அதிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சுக்கோ அத்தகைய தேர்வு இல்லை, பிற செடிகளின் இலைகளையும் அது கெடுக்கவல்லது. ஆகவே, எந்தச் செடியைத் தாக்குவது என்னும் வரையறை நஞ்சில் அன்று, ஓம்புயிரோடு, அதாவது தனக்கு உணவாகும் செடியோடு, பூஞ்சை கொண்டுள்ள உறவில் இருக்கிறது. நஞ்சைத் தனியே பிரித்துக் களைக்கொல்லியாகக் குப்பியில் அடைக்கும்போது அவ்வரையறை பின்தங்கிவிடுகிறது.

உமாசுவாதியின் சமண நூலாகிய தத்துவார்த்த சூத்திரம், உயிர்போக்குதலை மட்டும் இம்சை என்னாமல், பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிர்போக்குதலையே இம்சை என வரையறுக்கிறது. இவ்வரையறையின்படி நோக்கினால், நஞ்சு இயற்கையில் விளைந்ததா, ஆலையில் விளைந்ததா என்பது அறத்தின் முதல் வினா ஆகாது. பூஞ்சையிடமிருந்து கழன்ற வரையறையை, நஞ்சைத் தெளிப்பவர் தம் விழிப்பால் ஈடுசெய்கிறாரா என்பதே முதல் வினா. களைக்கென்று தெளித்த நஞ்சு தெறித்து, அருகிலுள்ள அல்லியின் இலை கருகினால், அக்குற்றம் பூஞ்சையைச் சாராது.