எர்த் கம்பியும் முன்வினையும்

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதியில் வாழ்த்துப் பாடல்களைத் தாண்டியதும் பதியாகிய கடவுளைப் பற்றிய வாதம் தொடங்கிவிடாது. முதலில் அளவை. ஒன்றை அறிந்தேன் என்று சொல்ல ஒருவருக்கு என்ன ஆதாரம் என்பதைப் பேசி முடித்த பிறகே, 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் கடவுள் உண்டா என்ற கேள்விக்கு வருகிறார். அளவைகள் ஆறு என்பார் உண்டு, மேலும் நான்கைச் சேர்ப்பாரும் உண்டு. அத்தனையும் காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நூல்மொழியால் அறிவது) என்ற மூன்றில் அடங்கும் என்பது அவர் முடிபு. பாடம் கேட்கிறவர்கள் பலரும் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. சைவத்தின் நேர்மையே அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறவள் நான். பழைய ஜிப்ஸி ஒன்றைக் கட்டி மேய்ப்பதால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது.

வண்டி 2012ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி, பெட்ரோல். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். நிலவியல் வேலையில் இருந்த காலத்தில் ஆரவல்லிப் பாறைகள் மீதெல்லாம் என்னைச் சுமந்த வண்டி. டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டுதான் ஆயுள் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. ஓடும் நாள்வரை அது சரியாக ஓட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு கோளாறு வந்தது. இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் அதே தாளத்தில் ஆடியது. ஹெட்லைட் போட்டால் வெப்பமானி முள் இடம் மாறியது. பெட்ரோல் டாங்குக்கும் முன்விளக்குக்கும் நேரடியாக எந்த உறவும் கிடையாது. ஆகவே டாங்க் மிதவையை மாற்று, மீட்டரை மாற்று என்று பணத்தை இறைப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது எது? போகும் பாதைகள் வேறு வேறு. திரும்பி வரும் பாதை ஒன்று. எர்த். டெல்லி மாயாபுரியில் நான் வண்டியைப் பழுதுபார்க்க விடும் மெக்கானிக் உஸ்தாத் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. மின்கோளாறு என்று யார் வந்தாலும், முதலில் எர்த்தைப் பாருங்கள், பாக்கியெல்லாம் அப்புறம் என்பார் இந்தியில். கருதல் அளவையை இவரைவிடச் சுத்தமாகக் கையாளும் பண்டிதரை நான் அதிகம் கண்டதில்லை.

கருதினால் மட்டும் போதாது, சோதிக்க வேண்டும். இங்கேதான் காண்டல் நம்மை ஏமாற்றக்கூடியது என்பது தெரிகிறது. அரித்துப்போய் ஒரே ஓர் இழை மிஞ்சியிருக்கும் கம்பியில், விளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் பாட்டரியின் 12 வோல்ட்டும் அப்படியே காட்டும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு அற்பம். அதற்கு ஓர் இழை போதும். விளக்கை மாட்டி எரியவிட்டால் அதே கம்பி 5 ஆம்பியர் அளவுக்குச் சுமக்க வேண்டும். அப்போது வோல்ட் சரிகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் சுமையில்லாத கம்பியிடம் கேட்டோம். ஆகவே விளக்குகளை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை டாஷ்போர்டு எர்த்திலும் வைத்தேன். சுழியை ஒட்டி நிற்க வேண்டிய எண் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. போல்ட்டைக் கழற்றித் துருவை எமரித் தாளால் தேய்த்து இறுக்கியதும் முள் அடங்கியது. உஸ்தாத் அத்துடன் விடவில்லை. மறுபடி தளர்த்தச் சொன்னார். முள் ஆடியது. இறுக்கச் சொன்னார், நின்றது. காரணம் இருந்தால் காரியம் உண்டு, இல்லையேல் இல்லை என்று இரண்டு பக்கமும் நின்று பார்ப்பதைத்தான் நம் நூல்கள் அன்னுவயம், வெதிரேகம் என்கின்றன.

ஸ்டீயரிங் விஷயம் வேறு மாதிரி. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் முன்சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்தது போல உதறும். வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். புது ஸ்டீயரிங் டாம்பர் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள் வேறொரு கடையில். உதறல் அடங்கும்தான், தேய்மானம் உள்ளே தொடரும். உஸ்தாத் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தது. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். அப்போது ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங்கில். நிற்கவில்லை. மாற்றியாயிற்று.

இதற்கு நடுவில் அண்டை வீட்டுத் தம்பி அக்கறையோடு சொன்னார்: “அக்கா, உங்களுக்கு நேரம் சரியில்ல. எல்லாம் முன்வினை. சனீஸ்வரனுக்கு எண்ணெய் விளக்குப் போடுங்க.” விளக்குப் போடுகிறவள்தான் நான். முன்வினையையும் மறுக்கிறவள் இல்லை. ஆனால் சித்தியார் அதை எங்கே வைக்கிறது என்று பார்க்க வேண்டும். கருதலை அது மூன்றாக வகுக்கிறது. மணத்தை முகர்ந்து பூவை அறிவது முதல் வகை. ஒருவர் பேச்சிலிருந்து அவர் அறிவின் அளவை உணர்வது இரண்டாவது. இன்றைய இன்பதுன்பத்தை முன்செய்த வினையின் பயன் என்று நூலின் வழியே உணர்வது மூன்றாவது. இந்த வரிசையை நான் கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறேன். மூக்கு கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றுக்கு முன்வினையை இழுப்பது நூலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நம் துன்பத்துக்கு அப்படிச் சொல்லிக்கொண்டாலாவது சகிக்கலாம். பிறர் துன்பத்துக்குச் சொல்வது பாவம்.

உஸ்தாத்தின் பட்டறை இருக்கும் அதே மாயாபுரியில் 2010 ஏப்ரலில் பழைய இரும்புக் கடைக்காரர்களுக்குத் தோல் கறுத்தது, முடி கொட்டியது. கண்ணுக்கோ மூக்குக்கோ எதுவும் தென்படவில்லை. கதிர்வீச்சாக இருக்குமோ என்ற ஐயம் மருத்துவர்களுக்கு எழுந்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தார் கருவிகளோடு வந்த பிறகே கோபால்ட்-60 அகப்பட்டது. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வுக் கருவியிலிருந்து வந்தது அது. ஒருவர் இறந்துபோனார். இன்னொருவர் அதில் ஒரு துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார். முன்வினை என்று சொல்லி அவரைத் தேற்றி அனுப்பியிருந்தால் அந்தத் துண்டு பர்ஸிலேயே இருந்திருக்கும்.