சிக்கும் சீப்பும்

துறவு பூண்டவர்கள் முதன்முதலில் கை வைத்த இடம் தலைமயிர்தான் என்பது, நம் தேசத்துச் சமய சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கிற எவருக்கும் புலனாகும். சமண முனிவர்கள் அதைக் கையாலேயே பறித்தெறிந்தார்கள். பௌத்த பிக்ஷுக்கள் இரண்டு மாதத்துக்கு மேலோ, இரண்டு விரற்கிடைக்கு மேலோ வளரவிடாமல் மழித்துக்கொண்டதோடு, விநய பிடகத்தின் விதிக்குக் கட்டுப்பட்டுச் சீப்பையும் விலக்கினார்கள். சைவத் துறவியரில் பலர் அதை அதன் போக்கில் விட்டுச் சடையாகத் திரளவைத்தார்கள். கூடாவொழுக்க அதிகாரத்திலே திருவள்ளுவர் இவ்விரு கோலங்களையும் ஒருங்கே தள்ளிவிட்டு, ஒழுக்கம் ஒன்றையே கேட்டார். ஆனால் மழிக்காமலும் சடையாக்காமலும், காலையில் எழுந்து தலையை வாரி முடித்துக்கொண்டு காரியத்துக்குப் போகிறானே சம்சாரி, அவன் செய்கை வெறும் அலங்காரந்தானா, அல்லது அதற்குள்ளும் ஒரு சாதனை அடங்கியிருக்கிறதா என்ற கேள்வியை நம் சாஸ்திரகாரர்கள் அதிகமாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இஸ்லாமிய மரபு இதைச் சிந்தித்திருக்கிறது. அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில், முடி உடையவர் அதைக் கண்ணியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற போதனையும், தினந்தோறும் வாரிக்கொண்டிருத்தலுக்கு ஒரு தடையும் ஒரே பிரிவில் காணப்படுகின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பேணுதல் வேறு, அதிலேயே முழுகிக் கிடத்தல் வேறு என்ற விவேகம் கிடைக்கிறது.

எனினும் சீப்பையே சமயச் சின்னமாக உயர்த்தியவர்கள் சீக்கியர்களே. 1699ஆம் ஆண்டு வைசாகித் திருநாளன்று ஆனந்தபூரில் குரு கோவிந்த சிங், கால்சா என்னும் தீக்ஷை பெற்ற சீக்கியரின் சங்கத்தை ஸ்தாபித்தார். அன்று முதல் கால்சாவைச் சேர்ந்தோர் நீங்காமல் தரிக்க வேண்டிய ஐந்து சின்னங்களில் கேசம் ஒன்று, ‘கங்கா’ எனப்படும் சிறிய மரச்சீப்பு மற்றொன்று என்று மரபு கூறுகிறது. பாயி நந்தலாலின் பெயரால் வழங்கும் தங்காநாமா என்னும் நூல், காலையும் மாலையும் தலை வாரித் தலைப்பாகையைப் புதிதாகக் கட்டிக்கொள்ளச் சொல்கிறது. வெட்டாத கேசத்தை அவிழ்த்துத் தொங்கவிட்டுச் சிக்கெடுத்து, மீண்டும் உச்சியிலே முடிந்து, அந்த முடிச்சிலேயே சீப்பைச் செருகி, அதன்மேல் தலைப்பாகையைச் சுற்றுகிறார்கள். இந்தக் கடைசிச் செயலில்தான் நம் கேள்விக்கு உரிய பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வாரிய முடியும் வாரிய சீப்பும் துணிக்குள்ளே மறைந்துவிடுகின்றன; பிறர் கண்ணுக்கு விருந்தாக அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. காண்பாரில்லாத இடத்தில், நாளைக்கு இரண்டு வேளை, ஆயுள் முழுவதும் நடக்கிற ஒரு காரியத்தை அலங்காரம் என்று சொல்ல நா எழுமா?

ஈசன் கொடுத்த உருவத்தைக் கத்தி வைக்காமல் அப்படியே ஏற்பது கேசத்தின் தாத்பரியம். ஆயினும் ஏற்றதை ஏற்றபடியே கவனியாது விட்டால் அது சடையாய்ப் போகும். சடையோ காட்டுக்குப் போனவனின் அடையாளம். உழுது, வியாபாரம் செய்து, குடும்பம் நடத்தியே இறைவனை அடையலாம் என்று வற்புறுத்திய குருமார்களின் வழியில் வந்தவர்களுக்குக் கேசத்தோடு சீப்பும் அவசியமாயிற்று. பெற்றுக்கொண்டதற்கு நாம் தர்மகர்த்தாக்கள் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தர்மகர்த்தா கோயிற் சொத்தைத் தன்னுடையது என்று கொண்டாடவும் கூடாது, யாருடையதோ என்று பாழாக விடவும் கூடாதல்லவா?

சௌசம் என்கிற தூய்மை நியமத்தைச் சொல்ல வந்த பதஞ்சலி முனிவர், அதன் பயனாகத் தன் அங்கங்களின்மீதே ஒரு ஜுகுப்ஸை, அதாவது அருவருப்பு, பிறக்கும் என்று யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் கூறுகிறார். எவ்வளவு கழுவினாலும் மறுநாள் அழுக்கடைகிற சரீரத்தின் இயல்பு கண்டு யோகி அதில் பற்று விடுகிறான் என்பது கருத்து. அநுபவத்தில் அவர் சொல்வது உண்மைதான். மண்டைத் தோலுக்கு வெளியே நாம் காண்கிற முடி முழுவதும் உயிரற்ற பொருள். சாதாரணமாக நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்ந்துகொண்டும் இருக்கிறது. ஆனால் அதே அநுபவத்திலிருந்து வேறொரு முடிவுக்கும் வர இடமுண்டு. நாளைக்கும் சிக்கு விழும் என்று நன்றாகத் தெரிந்தே இன்றைக்கு வாருகிறவன், பலன் நிலைக்காது என்பதை ஒப்புக்கொண்டே கடமையைச் செய்கிறான்; பலனில் பற்றில்லாத கர்மத்துக்கு இதைவிடச் சிறிய, இதைவிடச் சுலபமாகக் கைக்கு எட்டுகிற உதாரணம் ஏது? (நூறு தரம் வாரினால் முடி செழித்து வளரும் என்று சொல்வாருண்டு. அளவுக்கு மீறி வாரினால் முடி தேய்ந்து அறுவதுதான் மிச்சம்.)

நீண்ட கூந்தலில் சிக்கெடுப்பதை அருகிலிருந்து கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அநுபவமில்லாத கை உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுக்கும். சிக்கெல்லாம் கீழே போய் இறுகி, கண்ணில் நீர் வரும், முடியும் கொத்தாக அறும். தெரிந்தவர்களோ கூந்தலை நடுவில் இடது கையால் இறுகப் பற்றிக்கொண்டு, நுனியில் நாலு விரற்கிடையை முதலில் வாரிவிட்டு, பிறகு சற்று மேலே, பிறகு இன்னும் சற்று மேலே என்று ஏறுவார்கள். இறுகிய முடிச்சானால் சீப்பை வைத்துவிட்டு, இரண்டு சொட்டு எண்ணெயைத் தடவி, விரலாலேயே பிரிப்பார்கள். தனக்குத் தானே செய்துகொள்ளும் ஹிம்சை அந்த க்ஷணமே தெரிந்துவிடுகிற வேலை இது. மற்ற விஷயங்களில் நம்மை நாம் வருத்திக்கொள்வது வருஷக்கணக்காகத் தெரியாமலே போய்விடுகிறது.

உடம்பைப் பேணுவது ஆத்மாவுக்கு இடையூறு என்ற வாதத்தை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கணவனை இழந்த பெண்களின் தலையைச் சில சாதியாரிடையே மழித்து வைத்தார்களே, அதற்கும் வைராக்கியம் என்றுதான் பெயர் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தையின் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கிக்கொண்டு அதைத் துறவு என்பது, தர்மத்தின் பெயரால் நடந்த பச்சைக் கொடுமை. பழனியிலும் திருப்பதியிலும் தாமாக விரும்பித் தலையைக் கொடுக்கிறவர்களின் செயலோ முற்றிலும் வேறு. எண்ணெய் தேய்த்து, வாரி, பின்னி, ஆசையாக வளர்த்ததைக் கொடுப்பதால்தான் அது காணிக்கையாகிறது. பேணும் உரிமையே இல்லாதவரிடம் துறப்பதற்கு என்ன இருக்கிறது?

விளக்கு வைத்த பிறகு தலை வாரக் கூடாது என்பது நம் வீடுகளில் பாட்டிமார் வகுத்த விதி. சீக்கியருக்கோ மாலையில் வாருவதும் நியமம். மங்கிய அகல் வெளிச்சத்தில் உதிர்ந்த முடி தெரியாமல் சோற்றில் விழுந்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சியிருக்கலாம்; மின்சார விளக்கு வந்துவிட்ட வீட்டில் அந்த அச்சத்துக்கு அவ்வளவு இடமில்லை. ஆகையால் இவ்விஷயத்தில் சீக்கியர் பக்கம் சேர்ந்துகொள்வதில் எனக்கு ஆக்ஷேபம் ஒன்றுமில்லை. சீப்பில் தங்கிய முடியை விரலில் சுருட்டி அப்புறப்படுத்திவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்ற பாட்டியின் மற்றொரு விதியை மட்டும், மின்சாரத்தைக் காரணம் காட்டி யாரும் ரத்துசெய்துவிட வேண்டாம்.